கோலி

நேர்முகத் தேர்வில் என்ன விளையாடினாய் என்றார்கள்.
கோலி என்றேன்.
குண்டா, பேந்தாவா என்று கேட்டுவிட்டுத்
தானே சிரித்தார் கோடியில் இருந்தவர்.
அவர் சிரித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து
வலது கையை மேசைமேல் வைத்தேன்.
மோதிர விரல் மட்டும் தனியாக மேற்கே பார்த்தது.
வேலை கிடைத்தது.
தொகுப்பூதியம். பதினோரு வருடம்.

கீழக்கரையில் அந்தக் கல்லூரிக்கு
மைதானம் என்று ஒன்று காகிதத்தில் இருந்தது.
நேரில் போனால் உடைமரம்.
முதல் பருவம் முழுக்க முள் வெட்டினோம்,
பந்து உதைத்தது பதினேழு நாள்.
நான்கு பந்துக்குக் காற்று போயிற்று.
ஐந்தாவதற்கு ஷமீமா ஒட்டுப் போட்டாள்,
சைக்கிள் கடை வாசலில் நின்று பார்த்து வந்து.
ஒட்டிய இடம் கனத்து
பந்து எப்போதும் கொஞ்சம் இடப்பக்கம் சாயும்.
அதைப் பிடித்துப் பழகியவள்
கோலியாகத்தானே ஆக வேண்டும்.

பயணப்படிக் கணக்கில் முட்டையை அடிப்பார் கண்காணிப்பாளர்.
பதினாறு முட்டை எதற்கு ஜெனோவா மேடம்,
ஆடுவது பதினோரு பேர்தானே?
மாற்று ஆட்டக்காரிக்குப் பசிக்காது என்று
எந்த விதியில் இருக்கிறது சார் என்றேன்.
அடுத்த முறை முட்டையை விட்டுவிட்டு
வாழைப்பழத்தை அடித்தார்.

ஞாயிறு காலை தங்கச்சிமடத்தில் பொடிசுகள்.
கம்பம் சவுக்கு. வலை, கிழிந்த இழுவை மடி.
எத்தனை தண்ணீரில் அலசியும் வீச்சம் போகாததால்
குறுக்குக் கழியில் எந்நேரமும் காகம்.
கச்சான் அடிக்கிற மாதங்களில்
தெற்கே உதைத்த பந்து
பாதியில் யோசித்துவிட்டுத் திரும்பி வரும்.
எல்லாருக்கும் முன்னால் நின்று கோல் போட வேண்டும்.
ரொசாரியோ மட்டும் தானாகப் போய் வலைக்கு முன் நின்றான்.
ஏன்டா என்றேன்.
இங்கன ஓட வேணாம்ல மிஸ்.
நானும் அதற்காகத்தான் நின்றேன், பன்னிரண்டு வயதில்.
அவனிடம் சொல்லவில்லை.

அப்பாக்கள் செல்போனோடு வருகிறார்கள்.
பையன் பாய்வதைப் படம் பிடிக்க வேண்டுமாம்.
பாய்கிறவன்
தப்பான இடத்தில் நின்றவன்.
சரியாக நின்றவனைப் பந்து தேடி வரும்,
அதில் பார்க்க ஒன்றும் இருக்காது.

காரைக்குடியில் மண்டல இறுதி ஆட்டம்.
கோல் இல்லாமல் முடிந்து பெனால்டிக்குப் போயிற்று.
எங்கள் பெண்கள் உதைத்ததையெல்லாம் பார்த்தேன்.
ஷமீமாவின் முறை வரும்போதெல்லாம்
சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.
பயம் என்றார்கள்.
பதினான்கு வருடம் எனக்குத் தோல்வி
முதுகுக்குப் பின்னால்தான் விழுந்தது.
குனிந்து எடுத்து நடுவுக்கு உருட்டிவிடுவேன்.
முகத்துக்கு நேரே வந்தால்
அதை எப்படி வாங்குவதென்று தெரியாது.

காதால் கேட்டேன்.
ஒன்று, வலை. அது ஒரு மூச்சு விடுகிற சத்தம்.
இரண்டு, அதே மூச்சு.
மூன்று, இரும்புக் கம்பத்தில் டங்கென்று.
நான்காவது மறுபடியும் வலை.
ஐந்தாவது
ஈரக் குச்சி ஒடிகிற மாதிரி.
என் மோதிர விரலுக்குத் தெரிந்த சத்தம்.
திரும்பிவிட்டேன்.
பந்து வெளியே கிடந்தது. ஷமீமா
கையை அக்குளில் செருகிக்கொண்டு
நிற்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை.

பிறகு எங்கள் கடைசிப் பந்து
கம்பிக்கு மேலே போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் விழுந்தது.
மூன்றுக்கு இரண்டு.

தேவகோட்டையில் பேருந்து நின்றபோது
இரண்டு குச்சி ஐஸ் வாங்கினேன்.
ஒன்றை அவள் தின்றாள், ஒன்றை நான்.
குச்சிகளை நடுவிரலுக்கு இருபுறமும் வைத்து
என் விசில் கயிற்றால் கட்டினேன்.
நேராகத்தான் கட்டினேன் என்று நினைக்கிறேன்.
திருவாடானை தாண்டும்போது தூங்கிவிட்டாள்,
கையை மட்டும் உயர்த்தி,
யாரோ உதைக்கப் போகிற மாதிரி.

திங்கட்கிழமை கணக்கில் எழுதினேன்:
குச்சி ஐஸ் இரண்டு, இருபது ரூபாய்.
கண்காணிப்பாளர் நிமிர்ந்து பார்த்தார்.
மருத்துவச் செலவு சார் என்றேன்.
அடித்தார்.